கல்யாணம் ஆச்சு, காகிதம் எங்கே? 1913-ல் தென்னாப்பிரிக்கா கேட்ட கேள்வி



இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். கல்யாண சீசன் என்பதால் வாரத்துக்கு நாலு பத்திரிகை வருகிறது. போன வாரம் பத்திரிகை வைக்க வந்த பழைய மாணவர் ஒருவரிடம், "கல்யாணத்தைப் பதிவு பண்ணிடுவீங்கல்ல?" என்று கேட்டேன். "கோயில்ல வச்சு, ஐயர் மந்திரம் சொல்லி, ஐந்நூறு பேர் பார்க்கத் தாலி கட்டுறோம் டீச்சர். அதுக்கு மேல காகிதம் எதுக்கு?" என்றார். கேள்வி நியாயமானதுதான். இதே கேள்விக்காக நூற்றுப் பத்து வருடங்களுக்கு முன்னால் நம் ஊர்ப் பெண்கள் கைக்குழந்தையோடு ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

தில்லையாடி வள்ளியம்மை பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு சேர்ந்து போராடி, பதினாறு வயதில் உயிரை விட்ட பெண் என்று படித்திருப்பீர்கள். எதற்காகப் போராடினார் என்றால் தலைக்கு மூன்று பவுன் வரியை எதிர்த்து என்று பதில் வரும். அது சரிதான். ஆனால் பெண்கள் அந்தப் போராட்டத்துக்குள் வந்ததற்கு முதல் காரணம் வரி அல்ல, கல்யாணம்.

முதலில் அங்கே நம்மவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்ப்போம். 1860 நவம்பர் 16-ம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். நெட்டாலில் வெள்ளைக்கார முதலாளிகளின் கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து, இல்லை கைநாட்டு, வைத்துப் போனவர்கள். 1911 வரை இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும். இவர்களுக்குப் பின்னால் சொந்தச் செலவில் கப்பலேறி வியாபாரம் செய்யப் போனவர்களும் உண்டு. அதில் குஜராத்தி முஸ்லிம்கள் அதிகம்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும், இரண்டும் இல்லாமல் சுதந்திரமாக அங்கேயே குடியிருந்தால் வருடத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் போட்டார்கள். பிற்பாடு அந்த வரியைப் பிள்ளைகள் தலையிலும் ஏற்றினார்கள். பதினாறு வயதுப் பையனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் தனித்தனியே வரி. கூலிக்காரக் குடும்பம் இதை எப்படிக் கட்டும்?

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தக் கூலிகள் நெட்டாலில் கல்யாணம் செய்தால் அதை இந்தியர் பாதுகாப்பு அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்தது. எத்தனையோ பேர் செய்யவில்லை. ஊர் வழக்கப்படி தாலி கட்டி, பந்தியில் சோறு போட்டால் கல்யாணம் முடிந்தது என்பதுதான் அவர்கள் எண்ணம். நம் கிராமத்தில் அன்றைக்கு யார் பதிவு செய்தார்கள்? பாட்டன் பூட்டன் காலத்தில் அப்படி ஒரு பழக்கமே கிடையாதே. வியாபாரிகளோ ஊருக்கு வந்து நிக்காஹ் செய்து மனைவியை இந்தியாவிலேயே விட்டுப் போவார்கள், கொஞ்சம் காசு சேர்ந்ததும் அழைத்துக்கொள்வார்கள்.

1910-ல் நெட்டால், டிரான்ஸ்வால், கேப், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் நான்கும் சேர்ந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம் ஆனது. புதிய அரசாங்கத்துக்கு இந்தியர்கள் இனிமேல் வரக் கூடாது என்பதில் ஒரே குறி. ஏற்கெனவே குடியிருப்பவரின் மனைவியும் சிறு பிள்ளைகளும் மட்டும் வரலாம் என்று ஒரு சின்ன வாசல் திறந்திருந்தது. அந்த வாசலில்தான் தகராறு வந்தது.

போர்ட் எலிசபெத்தில் குடியிருந்த ஹசன் ஈசாப் என்பவர் இந்தியாவுக்கு வந்து 1908-ல் பாய் மரியம் என்ற பெண்ணை முஸ்லிம் முறைப்படி மணந்திருந்தார். அவருக்கு வேறு மனைவி கிடையாது. பிற்பாடு அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது அதிகாரிகள் இறங்க அனுமதிக்கவில்லை. வழக்கு கேப் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14-ம் தேதி நீதிபதி சேர்ல் தீர்ப்புச் சொன்னார். பல தார மணத்தை அனுமதிக்கும் ஒரு மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணத்தை இந்த நாட்டுச் சட்டம் கல்யாணமாக ஏற்காது, ஆகவே குடியேற்றச் சட்டம் சொல்லும் 'மனைவி' என்ற சொல்லுக்குள் இந்தப் பெண் வரமாட்டார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதைக் கவனமாகப் படியுங்கள். ஹசன் ஈசாப் இரண்டு பேரைக் கட்டியதாக யாரும் சொல்லவில்லை. கட்டியது ஒருவரைத்தான். ஆனால் அவருடைய மதம் இன்னொருவரைக் கட்ட அனுமதிக்கிறதே, அதனால் இந்த ஒரு கல்யாணமும் செல்லாது! இது அந்த நீதிபதி புதிதாகக் கண்டுபிடித்த விதி அல்ல. 1866-ல் இங்கிலாந்தில் 'ஹைட் எதிர் ஹைட்' என்ற வழக்கு வந்தது. அமெரிக்காவின் யூட்டா பகுதியில் மார்மன் சபை முறைப்படி நடந்த கல்யாணம் பற்றியது. கல்யாணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மற்ற எல்லோரையும் விலக்கி ஆயுள் முழுக்கச் சேர்ந்திருப்பது என்று நீதிபதி பென்சான்ஸ் பிரபு அதில் இலக்கணம் வகுத்தார். யாரோ இரண்டு மார்மன்களுக்காகச் சொன்ன இலக்கணம், கப்பலேறிப் போய் அரை நூற்றாண்டு கழித்துப் பாய் மரியத்தைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டது.

முஸ்லிம் பெண் ஒருவரின் வழக்குதானே, நமக்கென்ன என்று இந்துக்கள் இருந்துவிட முடியவில்லை. அன்றைக்கு இந்து முறையிலும் ஒருவர் பல பெண்களை மணக்கத் தடை கிடையாது. நம் நாட்டில் 1955-ல் இந்துத் திருமணச் சட்டம் வந்த பிறகுதான் அது நாடு முழுவதற்குமாகக் குற்றம் ஆனது. பார்சிக்காரர்களும் கலங்கினார்கள். கிறிஸ்தவ முறையில் நடக்காத, அரசாங்கப் பதிவாளரிடம் பதியாத எல்லாக் கல்யாணமும் இனிச் சந்தேகத்துக்கு உரியது என்றுதான் காந்தி இந்தத் தீர்ப்பைப் புரிந்துகொண்டார், மக்களுக்கும் அப்படித்தான் எடுத்துச் சொன்னார்.

அதன் விளைவு என்ன? மனைவி மனைவி இல்லை என்றால், பிள்ளை முறைப்படி பிறந்த பிள்ளை இல்லை. தகப்பன் செத்தால் கடையும் வீடும் யாருக்கு? ஊருக்குப் போய்த் திரும்பி வரும் பெண் துறைமுகத்தில் என்னவென்று சொல்லிக்கொள்வாள்? இருபது வருடம் ஒருவரோடு குடித்தனம் செய்து, நாலு பிள்ளை பெற்றவளைப் பார்த்து "நீ இவருக்கு யார்?" என்று ஒரு குமாஸ்தா கேட்கலாம். அவளிடம் காட்டக் கழுத்துத் தாலியைத் தவிர ஒன்றும் இருக்காது. அது அவனுக்குப் புரியாது.

பெண்கள் கொதித்துப்போனார்கள். 1913 மே மாதமே டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம் உள்துறை மந்திரிக்குத் தந்தி கொடுத்தது. இந்த அவமானத்தைச் சகிப்பதைவிட ஜெயிலுக்குப் போகிறோம் என்பது அதன் கருத்து. அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் காந்தியின் அலுவலகத்தில் வேலை பார்த்த சோன்யா ஸ்லெசின் என்ற யூதப் பெண். அதுவரை காந்தி பெண்களைச் சிறைக்கு அனுப்பத் தயங்கிக்கொண்டிருந்தார். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு தயக்கம் போய்விட்டது.

1913 செப்டம்பர் 15-ம் தேதி ஃபீனிக்ஸ் ஆசிரமத்திலிருந்து பதினாறு பேர் புறப்பட்டார்கள். அனுமதி இல்லாமல் நெட்டால் எல்லையைத் தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நுழைவது திட்டம். அந்தப் பதினாறு பேரில் கஸ்தூர்பாவும் இன்னும் மூன்று பெண்களும் இருந்தார்கள். கஸ்தூர்பாவிடம் காந்தி நேரடியாகக் கேட்கவில்லை. மற்றப் பெண்களிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை, ஜெயிலுக்குப் போக நான் மட்டும் தகுதி இல்லாதவளா என்று அவரே வந்து சண்டை பிடித்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். முப்பது வருடம் குடும்பம் நடத்திய ஒரு பெண், தன் கல்யாணம் கல்யாணம்தான் என்று நிரூபிக்க ஜெயிலுக்குப் போனார். மூன்று மாதக் கடுங்காவல்.

அதே சமயத்தில் டிரான்ஸ்வால் பக்கமிருந்து பதினொரு பெண்கள் கிளம்பினார்கள். அநேகமாக எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். தம்பி நாயுடுவின் மனைவி அதில் ஒருவர். மற்றப் பெயர்களும் பிள்ளை, நாயுடு, முருகேச பிள்ளை என்று நம் தெருப் பெயர்கள்தான். ஆறு பேர் கையில் பால்குடிப் பிள்ளை. ஒரு எல்லையைத் தாண்டினார்கள், போலீஸ் கைது செய்யவில்லை. சரி என்று நெட்டாலுக்குள் போய் நியூகாசில் ஊரை அடைந்தார்கள். அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள். சுரங்கத்தில் வேலை செய்த ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளிகளிடம் போய் மூன்று பவுன் வரி ஒழியும் வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் பேசினார்கள். அக்டோபர் மத்தியில் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. அரசாங்கம் விழித்துக்கொண்டு அந்தப் பெண்களைப் பிடித்து மூன்று மாதம் உள்ளே போட்டது. அதற்குள் நெருப்பு பிடித்துவிட்டது.

இந்த இடத்தில்தான் கல்யாணப் பிரச்சினையும் வரிப் பிரச்சினையும் ஒன்றாகக் கலந்தன. வியாபாரிக் குடும்பத்தின் மானப் பிரச்சினை ஒரு பக்கம், கூலிக்காரரின் வயிற்றுப் பிரச்சினை இன்னொரு பக்கம். இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் அந்தப் பதினொரு பெண்கள் என்றால் அது மிகை இல்லை. நவம்பர் 6-ம் தேதி காந்தி சார்லஸ்டவுனிலிருந்து நடைப்பயணம் தொடங்கியபோது அவரோடு 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நடந்தார்கள். வழியில் இரண்டு தாய்மார்கள் பிள்ளையைப் பறிகொடுத்தார்கள். காந்தியை நாலு நாளில் மூன்று முறை கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள்.

வள்ளியம்மை இந்த அலையில் தாயோடு சேர்ந்து சிறைக்குப் போனவர். ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்த பெண். தில்லையாடி அவர் குடும்பத்து ஊர், அவர் அதைப் பார்த்ததில்லை. மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். மறுபடி ஜெயிலுக்குப் போகவும் தயார் என்று காந்தியிடம் சொன்னார். 1914 பிப்ரவரி 22-ம் தேதி இறந்துபோனார். ஜோகன்னஸ்பர்க்கில் பிராம்ஃபான்டைன் கல்லறையில் அடக்கம். அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. தன் தாய் முறைப்படி கட்டிய மனைவி என்பதை அரசாங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் சிறைக்குப் போன கோரிக்கைகளில் ஒன்று. 1915-ல் இந்தியா திரும்பியதும் காந்தி தில்லையாடிக்கு வந்து போனார்.

அரசாங்கம் சாலமன் தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டது. அதன் சிபாரிசின்படி 1914-ல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. கல்யாணத்தைப் பற்றி அந்தச் சட்டம் மூன்று ஏற்பாடு செய்தது. ஒன்று, இந்திய மதங்களின் குருமார்களையே திருமண அதிகாரிகளாக அரசாங்கம் நியமிக்கலாம். அவர்கள் நடத்தி வைத்துப் பதியும் கல்யாணம் சட்டப்படி செல்லும். இரண்டு, ஏற்கெனவே மத முறைப்படி கல்யாணம் செய்து ஒரே மனைவியோடு வாழ்கிறவர்கள் போய்ப் பதிந்துகொண்டால், கட்டிய நாளிலிருந்தே அது செல்லுபடி ஆகும். மூன்று, வெளிநாட்டில் மத முறைப்படி மணந்த ஒரு மனைவியும் அவள் பிள்ளைகளும் உள்ளே வரலாம்.

வெற்றிதான். 1914 ஜூலை 18-ம் தேதி காந்தி நிம்மதியாகக் கப்பலேறினார். பாடப்புத்தகத்தில் பாடம் இங்கே முடிந்துவிடும். ஆனால் இந்தச் சட்டத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சாவி 'பதிவு' என்ற சொல்லில் இருக்கிறது. பதிந்தவர்களுக்குக் கதவு திறந்தது. இனிமேலும் பதியாமல் கோயிலிலோ பள்ளிவாசலிலோ மட்டும் கல்யாணம் செய்கிறவர்களுக்குப் பழைய நிலைதான். இரண்டாம் மனைவியாக ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பெண்கள் சட்டத்துக்குள் வரவில்லை. அவர்களில் சிலருக்கு அரசாங்கம் கடிதம் மூலம் சலுகை காட்டியது, அவ்வளவுதான்.

அதன் பலனைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தார்கள். 1983-ல்கூடத் தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு முஸ்லிம் பெண் கணவனிடம் மஹரும் ஜீவனாம்சமும் கேட்ட வழக்கில், இந்தக் கல்யாணம் பொதுக் கொள்கைக்கு விரோதம், செல்லாது என்று சொல்லிவிட்டது. சேர்ல் தீர்ப்புக்கு எழுபது வருடம் கழித்தும் அதே பாட்டு! நிறவெறி ஆட்சி ஒழிந்து புதிய அரசியல் சட்டம் வந்த பிறகுதான் காற்று மாறியது. 2004-ல் அரசியல் சட்ட நீதிமன்றம், உயில் எழுதாமல் இறந்த கணவரின் முஸ்லிம் மனைவியையும் 'வாழ்க்கைத்துணை' என்று கருதிச் சொத்தில் பங்கு தர வேண்டும் என்றது. பிறகு இந்து முறைப்படி மட்டும் தாலி கட்டிய ஒரு விதவைக்கும் டர்பன் உயர்நீதிமன்றம் அதே உரிமையைக் கொடுத்தது. 2022-ல் அரசியல் சட்ட நீதிமன்றம், முஸ்லிம் கல்யாணங்களை அடியோடு அங்கீகரிக்காத திருமணச் சட்டமும் விவாகரத்துச் சட்டமும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்து, சட்டத்தைத் திருத்தச் சொன்னது. அதன்படி விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தியது 2024-ல். பாய் மரியம் துறைமுகத்தில் நின்றதிலிருந்து கணக்குப் போட்டால் நூற்றுப் பத்து வருடங்களுக்கு மேல்.

இந்த வழக்குகளில் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. கோர்ட்டு வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பெண்கள். கணவன் இறந்துபோனவள், கணவன் கைவிட்டவள். கணவன் உயிரோடு, அன்பாக இருக்கும்வரை காகிதத்தை யாரும் கேட்பதில்லை. அவன் போன மறுநாள் ஊர் முழுக்கக் கேட்கும். மேளம் கொட்டியவர் சாட்சிக்கு வரமாட்டார், பந்தியில் சாப்பிட்டவர் கையெழுத்துப் போடமாட்டார்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் நிலைமை தென்னாப்பிரிக்கா மாதிரி இல்லை. இந்துத் திருமணச் சட்டப்படி, சடங்கு முறையாக நடந்திருந்தால் கல்யாணம் செல்லும். பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாமல் போகாது. 1967-ல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்கும் சட்ட அங்கீகாரம் வந்தது. ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம், உறவினரும் நண்பரும் பார்க்க மாலை மாற்றினால் போதும். மறுபக்கம், சடங்கே நடத்தாமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்த ஒரு ஜோடியின் வழக்கில், அது கல்யாணமே இல்லை என்று 2024-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, நம் நாட்டில் கல்யாணத்தை உண்டாக்குவது சடங்கு. அதை நிரூபிப்பது பதிவு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மதத்தவரும் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. தமிழ்நாட்டில் 2009-ல் அதற்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. கல்யாணம் நடந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம். சார்பதிவாளர் அலுவலகம் எல்லா ஊரிலும் பக்கத்திலேயே இருக்கிறது. பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, சாட்சிகள், இவ்வளவுதான் வேலை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் லட்சக்கணக்கில் செலவு செய்கிறோம். இதற்கு ஒரு காலைப் பொழுது ஒதுக்க முடியாதா?

காகிதம் புனிதமா, தாலி புனிதமா என்று வாதம் செய்ய வேண்டாம். அந்தப் பதினொரு பெண்களும் தங்கள் சடங்கை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் முறைப்படி நாங்கள் கல்யாணம் செய்வோம், அதை உன் புத்தகத்தில் நீ எழுதிக்கொள் என்றுதான் அரசாங்கத்திடம் கேட்டார்கள். இன்றைக்கு நம் அரசாங்கம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்து எழுதிவிட்டுப் போ என்கிறது. நாம்தான் போக மாட்டேன் என்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பெற்ற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீர் வரிசைப் பட்டியலின் முதல் வரியில் திருமணப் பதிவுச் சான்றிதழை எழுதுங்கள். ஏற்கெனவே கல்யாணம் ஆகிப் பல வருடமாகியும் பதியாதவர்கள், உங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன வழி என்று இந்த வாரமே விசாரியுங்கள். விசாரித்தவர்கள் கீழே எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்